வாசகர் கேள்விகள்: எல்லோருக்கும் ஓட்டு என்றால் சிலருக்கு ஏன் கசக்கிறது?

(ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, வட்டார வளர்ச்சி அலுவலராக ஓய்வு பெற்ற பெண்மணி பதில் சொல்கிறார்.)

கேள்வி: என் மாமனார் பாங்க் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவர். "வரி கட்டுகிறவனுக்கும் படித்தவனுக்கும் மட்டும் ஓட்டு இருந்தால் போதும், கண்டவனும் ஓட்டுப் போட்டுத்தான் நாடு கெட்டது" என்று தினமும் சொல்கிறார். மற்றபடி நல்ல மனிதர். என்ன பதில் சொல்வது?
*வாசகி, காரைக்குடி*

அவர் கேட்கிற ஏற்பாடு ஏற்கெனவே இங்கே இருந்ததுதான் அம்மா. வெள்ளைக்காரன் காலத்தில் 1935ஆம் ஆண்டுச் சட்டப்படி சொத்து, வரி, படிப்பு பார்த்துத்தான் ஓட்டு கொடுத்தார்கள். நிலமில்லாத கூலிக்காரருக்குக் கிடையாது. 1951-52 தேர்தலில்தான் எல்லோருக்கும் கிடைத்தது. பட்டியலில் 17 கோடிக்கும் மேற்பட்டவர்கள். பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென், ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி வைத்து அதில் சின்னத்தை ஒட்டச் செய்தார். எழுத்துத் தெரியாதவரும் யாருக்குப் போடுகிறோம் என்று தெரிந்து போட்டார்கள்.

இலங்கையில் இது 1931லேயே வந்துவிட்டது. அதற்கு முன் அங்கே ஓட்டு இருந்தது மக்கள்தொகையில் சுமார் நூற்றுக்கு நாலு பேருக்கு. ஆட்சிமுறையை மாற்றியமைக்க வெள்ளைக்கார அரசு அனுப்பிய டொனமூர் கமிஷன் வந்து விசாரித்தபோது, எல்லோருக்கும் வேண்டாம் என்றவர்களில் படித்த தலைவர்கள்தான் அதிகம். சிங்களவரும் உண்டு, தமிழரும் உண்டு. தமிழர் தலைவர் சர் பொன்னம்பலம் இராமநாதன் கடுமையாக எதிர்த்தார். யாழ்ப்பாணத்தில் பெண்களுக்குக் கல்லூரி கட்டியவர் அவர். வேண்டும் என்று நின்றவர்களில் முக்கியமானவர் தொழிற்சங்கக்காரர் ஏ. ஈ. குணசிங்க.

இராமநாதனுக்கு இருந்த பயத்தில் இரண்டு இழை உண்டு, அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எண்ணிக்கையில் குறைந்தவர்களைப் பெரும்பான்மை நசுக்கிவிடும் என்பது ஒன்று. அது வீண் பயம் இல்லை. சுதந்திரம் வந்த 1948லேயே மலையகத் தமிழர்களின் குடியுரிமையைப் பறித்தார்கள், அதோடு ஓட்டும் போனது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: தேயிலை பறிக்கிற கைக்கு ஓட்டு இருந்தவரை அது கணக்கில் இருந்தது. ஓட்டைப் பிடுங்கிய பிறகுதான் கேட்க நாதியில்லாமல் போனது. இன்னொரு இழை, என் வீட்டு வேலைக்காரனும் நானும் ஒரே வரிசையில் நிற்பதா என்பது. உங்கள் மாமனாரிடம் சண்டை போடாமல், அவருடையது எது என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் அவருக்கே தெரியும்.

கேள்வி: மேலவளவு முருகேசன் கொலையைப் பற்றிக் கல்லூரியில் பேசினார்கள். ஒரு பஞ்சாயத்துத் தலைவர் பதவிக்காகக் கொலை வரைக்கும் போவார்களா? அதில் அப்படி என்ன இருக்கிறது?
*மாணவர், விருதுநகர்*

சம்பளத்தைப் பார்த்தால் ஒன்றும் இல்லை தம்பி. மற்றவற்றைப் பார்த்தால் நிறைய இருக்கிறது.

1996ல் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தபோது, மதுரை மாவட்டத்து மேலவளவு தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. மனுத் தாக்கல் செய்தவர்களை ஆதிக்க சாதியினர் மிரட்டி வாபஸ் வாங்க வைத்தார்கள். திரும்ப நடந்த தேர்தலில் ஓட்டுப் பெட்டியையே தூக்கிக்கொண்டு போனார்கள். மறுபடி போலீஸ் காவலோடு நடத்தி, முருகேசன் ஜெயித்தார். ஆபீசுக்குள் உட்கார அவரால் முடியவில்லை. 1997 ஜூன் 30 அன்று மதுரை கலெக்டர் அலுவலகம் போய்விட்டு பஸ்ஸில் திரும்பும்போது, பட்டப்பகலில் அவரையும் இன்னும் ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். அந்த ஐவரில் துணைத் தலைவர் மூக்கனும் ஒருவர்.

அதே மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், பக்கத்து விருதுநகர் மாவட்டத்தில் கொட்டகச்சியேந்தல். தலைவர் பதவி இதேபோல் ஒதுக்கப்பட்ட இந்த நாலு ஊரிலும் பத்து வருடம் தேர்தல் ஒழுங்காக நடக்கவே விடவில்லை. யாரும் மனுப் போட மாட்டார்கள், போட்டாலும் ஊர் நிறுத்திய ஆள் ஜெயித்த கையோடு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுவார். 2006 அக்டோபரில்தான் முறையாக நடந்தது.

ஏன் இவ்வளவு வேகம்? ஆபீஸ் பக்கத்திலிருந்து பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன். கண்மாய் மீன் ஏலம், புளிய மர ஏலம், தெருவிளக்கு எந்தத் தெருவுக்கு முதலில், குடிதண்ணீர்க் குழாய் எந்த முனையில் என்பதெல்லாம் தலைவர் கையில் வரும். அதுவரை இதெல்லாம் சில வீட்டுத் திண்ணைகளில் முடிவானது. அப்புறம் மரியாதை. தலைவர் உட்கார்ந்திருக்க, ஒரு சான்றிதழுக்கு மனுவோடு எதிரே நிற்க வேண்டும். பரம்பரையாக எதிராளியை நிற்க வைத்தே பழகியவருக்கு அந்த ஐந்து நிமிடம் தாங்காது.

நான் வேலை பார்த்த ஒன்றியத்தில் ஒரு ஊர். பெயர் வேண்டாம். தலைவர் ஒரு விவசாயக் கூலி அம்மா. செக்கில் தலைவர், துணைத் தலைவர் இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும். துணைத் தலைவர் வசதியான குடும்பத்துக்காரர். மறுக்க மாட்டார், "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்பார். குழாய் ரிப்பேர் செய்தவருக்குக் கூலி போகாது, அவர் வந்து அந்த அம்மாவைத்தான் திட்டுவார். கொஞ்ச நாளில் ஊரே, "இவர்களுக்கு நிர்வாகம் தெரியாது, இதற்குத்தான் அப்போதே வேண்டாம் என்றோம்" என்று பேச ஆரம்பித்தது. அந்த அம்மா செக் புத்தகத்தை மஞ்சள் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு எங்கள் ஆபீசுக்கு நடையாய் நடந்தார். கொலை எங்கோ ஒன்றுதான் நடக்கிறது. இது தினமும் நடக்கிறது, பேப்பரில் வராது. எனக்கு இன்றும் ஆத்திரம் அடங்கவில்லை.

கேள்வி: பணம் வாங்கிக்கொண்டு ஓட்டுப் போடுகிறார்களே, இதைப் பார்த்தால் ஜனநாயகமே வெறுத்துப்போகிறது.
*வாசகர், திருப்பூர்*

வெறுப்பு ஏன் வாங்குகிற பக்கம் மட்டும் போகிறது? 2016ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017ல் ஆர்.கே. நகர், 2019ல் வேலூர் என்று தேர்தலை நிறுத்தவோ தள்ளிவைக்கவோ நேர்ந்தது, வாரிக் கொடுத்தவர்களால். வாங்குவது தப்புதான், சந்தேகமே இல்லை. ஆனால் கொடுக்கிறவர் ஏன் கொடுக்கிறார்? கொடுக்காவிட்டால் இந்தக் கிழவி தன் இஷ்டத்துக்குப் போட்டுவிடுவாளே என்ற பயம்தான். ஓட்டுக்கு மதிப்பே இல்லையென்றால் ராத்திரி கரண்டை நிறுத்திவிட்டு யாரும் கவரோடு வீடு வீடாக அலைய மாட்டார்கள்.

கேள்வி: என் அம்மா பட்டியல் சாதியைச் சேர்ந்தவர், ஊராட்சித் தலைவர். கூட்டத்தில் நாற்காலி தருவதில்லை. எல்லோரும் மேலே உட்கார்ந்திருக்க, அம்மா பாயில். சொன்னால் ஊரில் சண்டை வரும் என்று பயப்படுகிறார்.
*வாசகி (ஊர் வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்)*

உங்கள் அம்மா தனி ஆள் இல்லை. 2020ல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் இதே கதை வெளியே வந்தது. திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் சுதந்திர தினத்தன்று தலைவரைக் கொடியேற்ற விடவில்லை. விஷயம் வெளியே வந்ததும் கலெக்டரே வந்து நின்று ஏற்ற வைத்தார். இரண்டு இடத்திலும் வாய் திறந்த பிறகுதான் வழி பிறந்தது.

பட்டியல் சாதியைச் சேர்ந்த ஊராட்சித் தலைவரையோ உறுப்பினரையோ கடமையைச் செய்யவிடாமல் தடுத்தால், அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். 2015 திருத்தத்தில் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். ஊராட்சிகளின் ஆய்வாளர் கலெக்டர்தான், அதனால் மனு நேரே அவருக்குப் போகட்டும். திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுத்து ரசீது வாங்குங்கள். அம்மாவைத் தனியாக அனுப்பாதீர்கள், நீங்களும் இன்னும் இரண்டு பெண்களும் கூடப் போங்கள். அடுத்த கூட்டத்தில் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போடும் முன், எழுதியதை முழுக்க வாசிக்கச் சொல்லிக் கேட்கட்டும். எழுத்துக் கூட்டிப் படிப்பவர் என்றால் நேரமாகும், ஆகட்டும், காத்திருக்கட்டும். உட்கார இடம் தரவில்லை என்பதை அன்றைய தேதியோடு அதே புத்தகத்தில் எழுத வைத்து, பக்கத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எழுத மறுத்தால், மறுத்தார்கள் என்பதையும் மனுவில் சேருங்கள்.