ஐந்து கோழிதான் மிச்சம்: மறுபடி குஞ்சு வாங்கலாமா?

கேள்வி: ஐயா, எங்களுக்கு வலங்கைமான் பக்கம். சித்திரையில் தெருவில் கூடையோடு வந்தவரிடம் 15 நாட்டுக்கோழிக் குஞ்சு வாங்கினேன். கோழி வளர்ப்பது எனக்கு இதுதான் முதல் தடவை. முதல் வாரத்திலேயே 5 செத்துவிட்டன. வளர்ந்த பிறகு ஒன்றைப் பருந்தும் ஒன்றைக் கீரியும் கொண்டுபோய்விட்டன. ஐப்பசி மழையில் வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்து, கழுத்து திருகிக்கொண்டு 3 போய்விட்டன. இப்போது 4 பெட்டை, ஒரு சேவல் இருக்கின்றன. ஒரு பெட்டை முட்டையே இல்லாத கூடையில் அடை உட்கார்ந்திருக்கிறது. மற்றவை பத்துப் பன்னிரண்டு இட்டுவிட்டு நிறுத்திவிடுகின்றன. வீட்டில் "எல்லாத்தையும் வித்துடு" என்கிறார்கள். இன்னும் 20 குஞ்சு வாங்கிப் பார்க்கட்டுமா, விட்டுவிடட்டுமா?

பதில்: சகோதரி, விற்கவும் வேண்டாம், இப்போது புதுக் குஞ்சு வாங்கவும் வேண்டாம். இருக்கிற ஐந்திலிருந்தே பெருக்குங்கள். முதல் வருஷத்தின் வெயில், மழை, நோய் எல்லாவற்றையும் உங்கள் கொல்லையிலேயே தாண்டி நிற்கிற கோழிகள் அவை. இந்த நேரத்தில் வெளிக் குஞ்சு கொண்டுவந்தால் அதுதான் பெரிய நஷ்டம்.

ஏன் என்றால், நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் அது பெரும்பாலும் ராணிக்கெட் எனும் வெள்ளைக்கழிச்சல். கழுத்து திருகியது என்பதை நீங்கள் கவனித்து எழுதியது நல்லது, சந்தேகம் குறைகிறது. இது வைரஸ் நோய், வந்தபின் குணப்படுத்த மருந்து கிடையாது. தப்பிய கோழியின் எச்சத்திலும், கூண்டின் தரையிலும், உங்கள் செருப்பிலும்கூட அந்தக் கிருமி கொஞ்ச காலம் இருக்கும். எதிர்ப்பு சக்தி இல்லாத 20 குஞ்சை அதன் நடுவில் விட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

முதலில் கூண்டைப் பார்ப்போம். நம் டெல்டாவில் கோழிக்கு முதல் எதிரி கீரி இல்லை, ஈரம். ஐப்பசி, கார்த்திகையில் கொல்லை முழுக்க ஊறிக் கிடக்கும். மண் தரையில் கூண்டு வைத்தால் ராத்திரி முழுக்கக் கோழி ஈரத்தில்தான் படுக்கும். கூண்டை ஒன்றரை அடி, இரண்டு அடி உயரத்தில் கால் கொடுத்துத் தூக்கி, மூங்கில் பிளாச்சு அடித்துத் தரை போடுங்கள். எச்சம் கீழே விழுந்துவிடும். அதற்கு வசதி இல்லை என்றால் மேடான இடத்தில் இரண்டு அங்குலம் உமி பரப்பலாம், நம் ஊர் ரைஸ் மில்லில் உமிக்குப் பஞ்சமில்லை. ஆனால் தினமும் கிளறிவிட வேண்டும். ஒரு கை உமியை அள்ளி இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். கையை விரித்ததும் பொலபொலவென்று உதிர்ந்தால் சரி. உருண்டையாக நின்றால் ஈரம் ஏறிவிட்டது, அன்றைக்கே மாற்றிவிடுங்கள். உள்ளே குனிந்தால் கண் எரிகிறது என்றால் ஏற்கெனவே தாமதம். ரத்தக்கழிச்சல் பிடிப்பதும் இந்த ஈரத்தில்தான்.

பழைய கூண்டைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, வெயில் கிடைக்கும்போது காயவிடுங்கள். செத்த கோழியை யாரும் வாய்க்காலில் போட விடாதீர்கள். போட்டால் நோய் அடுத்த தெருவுக்குத் தண்ணீரோடு போகும். ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதைப்பதுதான் முறை. இனி ஒன்று திடீரென்று செத்தால் புதைப்பதற்கு முன் கால்நடை மருந்தகத்தில் காட்டிவிடுங்கள். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. என்ன நோய் என்று உறுதியாகத் தெரிந்தால் மற்றதைக் காப்பாற்றலாம்.

தடுப்பூசிக்கு வருவோம். நோய் அடங்கி, ஐந்தும் நன்றாக மேய்கின்றன என்றால் முதலில் குடற்புழு நீக்க மருந்து கொடுத்து, ஒரு வாரம் கழித்துத் தடுப்பூசி போடச் சொல்லி மருத்துவரைக் கேளுங்கள். வருஷா வருஷம் பிப்ரவரியில் கால்நடைத் துறை கோழிக்கழிச்சலுக்கு, அதாவது இதே வெள்ளைக்கழிச்சலுக்கு, இலவசத் தடுப்பூசி முகாம் நடத்தும், அதையும் விடாதீர்கள். கீழாநெல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், பூண்டு அரைத்துக் கொடுப்பது நல்ல வழக்கம்தான். அதை நான் தடுக்க மாட்டேன். ஆனால் அது தடுப்பூசிக்குப் பதிலாகாது.

முட்டை நின்றுபோகிறது என்று கவலைப்படாதீர்கள். நாட்டுக்கோழியின் இயல்பே அப்படித்தான். பன்னிரண்டு, பதினைந்து முட்டை இடும், அப்புறம் அடைக்குப் போகும். வருஷத்துக்கு 60 முதல் 80 முட்டை இட்டால் நல்ல கோழி. பண்ணைக் கோழி 300 இடுகிறது என்று பார்த்து இதைக் குறை சொல்லக் கூடாது. மழைக்காலத்தில் பகல் வெளிச்சம் குறைவதால் இன்னும் குறையும். குருணையும் தவிடும் மட்டும் போட்டால் போதாது, கொஞ்சம் கடலைப்பிண்ணாக்கு சேருங்கள். பூஞ்சை பிடித்த பிண்ணாக்கை மட்டும் தொடவே வேண்டாம். ஓடு மெலிசாக இருந்தால் நுணுக்கிய கிளிஞ்சலைத் தனித் தட்டில் வையுங்கள். வேண்டிய கோழி தானே கொத்திக்கொள்ளும்.

இப்போது அடை உட்கார்ந்திருப்பதை இந்த மழையில் குஞ்சு பொரிக்க வைக்காதீர்கள். அடையைக் கலைக்க மூக்கில் இறகைச் செருகுவது, தண்ணீரில் முக்குவது எல்லாம் வேண்டவே வேண்டாம், பாவம், சளி பிடித்துவிடும். காற்றோட்டமான கம்பிக்கூண்டில், கீழே வைக்கோல் எதுவும் இல்லாமல், தீனியும் தண்ணீரும் வைத்து மூணு நாலு நாள் விடுங்கள். அடை தெளிந்துவிடும். அடைக்கோழிக்குப் பேன் அதிகம் பிடிக்கும். மண்ணும் சாம்பலும் கலந்து ஒரு மூலையில் நனையாமல் வைத்தால் தானே புரண்டு குளித்துக்கொள்ளும்.

கீரிக்கு வழி ஒன்றுதான்: அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலை, பொழுது சாய்வதற்குள் அடைப்பது. பருந்துக்கு, குஞ்சு பெரிதாகும் வரை பஞ்சாரம், அதாவது கவிழ்த்து மூடும் மூங்கில் கூடை. இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். சம்பா பயிரில் எலிக்கு விஷ மருந்து வைப்பார்கள், பூச்சிமருந்தும் அடிப்பார்கள். உங்கள் கோழி வரப்புக்குப் போகும் வழக்கம் இருந்தால் பக்கத்து வயல்காரரிடம் பேசி, அந்த நாட்களில் அடைத்துவையுங்கள். கிட்டி வைத்து எலி பிடிக்கிறவர் என்றால் உங்களுக்குக் கவலை இல்லை.

தை பிறந்து பனி குறையத் தொடங்கியதும் அடுத்து எது அடைக்கு வருகிறதோ அதற்குப் பத்து முட்டை வையுங்கள். இளம் கோழி, முதல் அடை, அதற்கு மேல் வேண்டாம். ஒரு வாரத்துக்கு உட்பட்ட முட்டையாக இருக்கட்டும், பென்சிலால் தேதி எழுதிவையுங்கள். ஏழாம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்து, ரத்த நரம்பு தெரியாத முட்டையை எடுத்துவிடலாம். 21ஆம் நாள் குஞ்சு வரும். சித்திரையில் உங்களிடம் செத்த ஐந்தும் பெரும்பாலும் தாய்ச்சூடு இல்லாமல் போனவைதான், இந்தத் தடவை அந்த வேலையைத் தாயே பார்த்துக்கொள்ளும். தண்ணீர்த் தட்டில் நாலு கூழாங்கல் மட்டும் போடுங்கள், விழுந்து மூழ்காது. குஞ்சு பிறந்த ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சலுக்குக் கண்ணில் விடும் தடுப்பு சொட்டு மருந்து. ஒரு குப்பி நூறு குஞ்சுக்குக் காணும், கரைத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். அதனால் தெருவில் யார் வீட்டில் குஞ்சு இருக்கிறது என்று முன்கூட்டியே விசாரித்து, எல்லாரும் ஒரே நாளில் போட்டுக்கொள்ளுங்கள்.