யாரும் மீட்டாத காந்தாரம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 34. கோவையில் பம்ப் உதிரிபாகங்கள் செய்யும் ஆலையில் வடிவமைப்புப் பிரிவில் இருக்கிறேன். பிரெஞ்சு இசையமைப்பாளர் எலியான் ரதீக் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துத்தான், ஒரே ஒலி நீண்டு நிற்கும் ட்ரோன் இசைக்குள் வந்தேன். இரண்டு ஆண்டுகளில் நாற்பது வினைல் தட்டுகள் சேர்ந்துவிட்டன. அவற்றில் பதினொன்று முந்நூறு பிரதிகள் மட்டும் அச்சிடப்பட்டவை என்பதால் உறையைப் பிரிக்காமலே வைத்திருக்கிறேன். சம்பளத்தில் கணிசமான பகுதி தபாலுக்கும் சுங்கவரிக்கும் போகிறது. போன வருடம் அப்பா தவறிவிட்டார். அதன்பிறகு சொற்கள் உள்ள எந்தப் பாட்டையும் கேட்க முடியவில்லை. இதை மட்டும் கேட்க முடிகிறது. வினைலின் வெதுவெதுப்பு டிஜிட்டலில் இல்லை என்று நான் நினைப்பது சரியா? எந்த லேபிள்களை, அதாவது எந்தத் தட்டு நிறுவனங்களின் வெளியீடுகளை, தொடர்ந்து வாங்கலாம்? பணத்தைக் கரியாக்குகிறாய் என்கிறார்கள் நண்பர்கள். அம்மா மட்டும் ஒருநாள் கதவருகில் நின்று கேட்டுவிட்டு, "கோயில் மணி அடித்து ஓய்ந்த பிறகும் காதில் நிற்குமே, அது மாதிரி இருக்கிறது" என்றார்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்காகத்தான் இந்தப் பதில். ஒரு மாதமாக நான் நினைத்துக்கொண்டிருந்ததை உங்கள் அம்மா கதவருகில் நின்றபடியே சொல்லிவிட்டார்.

அப்பா போனபிறகு சொற்களைத் தாங்க முடியவில்லை என்பது எனக்குப் புரிகிறது. ரதீக் தன் மரண முத்தொகுதியை உருவாக்கிக்கொண்டிருந்தபோதுதான், 1989-இல், அவருடைய மகன் கார் விபத்தில் இறந்தார். அதன்பிறகு வந்த இரண்டாம் பகுதிக்குப் பெயர் கைலாஷா. கைலாய மலையைச் சுற்றி மனத்தால் நடக்கும் யாத்திரை அது. ஏ.ஆர்.பி. 2500 என்ற மின்னணு சிந்தசைசரை வைத்துக்கொண்டு அவர் செய்து 1993-இல் முடித்த அந்த முத்தொகுதி மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. துக்க வீட்டுக்கு வந்து ஒன்றும் பேசாமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்களே சிலர், எனக்கு அந்த இசை அப்படித்தான். உங்களுக்கும் அப்படி இருக்கிறது என்றால் அதை விட்டுவிடாதீர்கள்.

எந்த லேபிள் என்ற கேள்விக்கு நான் நீளமாகப் பதில் சொல்லப்போவதில்லை. இம்பார்ட்டன்ட், பிளாக் ட்ரஃபிள், பிளாங்க் ஃபார்ம்ஸ் எல்லாம் உங்களுக்கே தெரிந்திருக்கும். நாற்பது தட்டுகள் வாங்கியவருக்கு நான் கடை காட்ட வேண்டியதில்லை. நண்பர்கள் சொல்வதையும் விடுங்கள். வீட்டுச் செலவுக்குக் குறை வைக்காதவரை அது உங்கள் பணம்.

ஆனால் பிரிக்காத அந்தப் பதினொன்றை என்னால் விட முடியாது. என்ன காரியம் செய்திருக்கிறீர்கள்? உலகத்தில் முந்நூறு பேர் கேட்கலாம் என்று வந்ததை இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது ஆக்கியிருக்கிறீர்கள், பதினொரு முறை. முந்நூறு என்ற எண்ணில் பெருமை ஒன்றும் இல்லை. அதற்கு மேல் அச்சடித்தால் விற்காது என்று ஒரு மனிதர் தன் கைக்காசை எண்ணிப் பார்த்துப் போட்ட கணக்கு அது. அவருடைய பயத்தை நீங்கள் பொக்கிஷமாகப் பூட்டி வைத்திருக்கிறீர்கள்.

இந்தச் சிறு லேபிள்களை நானும் மதிக்கிறேன். அவர்கள் காத்திருந்ததற்காக மதிக்கிறேன். 1972-இல் ஜெர்மனியின் வூமே கிராமத்தில், பழைய பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றில், ஃபவுஸ்ட் என்ற ராக் குழுவினரோடு அமெரிக்கரான டோனி கான்ராட் வயலின் வாசித்தார். பாஸ் கிதாரில் ஒரே சுரம், டிரம்மில் ஒரே அடி, மேலே வில்லின் ஓயாத இழுப்பு. பக்கத்துக்கு ஏறத்தாழ இருபத்தேழு நிமிடம். அடுத்த ஆண்டு தட்டு வெளிவந்தது, சீந்துவாரில்லை. இருபது வருடம் கழித்து, 1993-இல், டேபிள் ஆஃப் தி எலிமென்ட்ஸ் என்ற புத்தம்புதிய லேபிள் அதை மீட்டெடுத்தது. எதில் வெளியிட்டது தெரியுமா? சி.டி.யில். ரதீக்கின் முத்தொகுதியை 1998-இல் வெளியிட்டது இசையமைப்பாளர் ஃபில் நிப்ளாக்கின் லேபிள். மூன்று சி.டி.க்கள். அந்த நிப்ளாக் நியூயார்க்கில் தான் குடியிருந்த மாடியிலேயே கச்சேரி நடத்தியவர். ஆண்டின் மிக நீண்ட இரவில், மாலை ஆறு மணிக்குத் தொடங்கி நள்ளிரவு வரை தன் இசையை ஓடவிடுவார். 2024 ஜனவரியில் காலமானார்.

முத்தொகுதியின் முதல் பகுதி மட்டுமே ஒரு மணி நேரம். அதை எந்தத் தட்டின் எந்தப் பக்கத்தில் வைப்பது? இருபது, இருபத்திரண்டு நிமிடத்துக்கு மேல் நீட்டினால் தடங்கள் நெருங்கும். நெருங்கினால் ஒலியைத் தாழ்த்தித்தான் வெட்ட வேண்டும். தாழ்த்தினால் முள்ளின் இரைச்சல் மேலே தெரியும். அமெரிக்க இசையமைப்பாளர் லா மான்ட் யங்கின் 1974-ஆம் ஆண்டுத் தட்டு ஒன்றுக்கு அதன் மொத்த நீளமே பெயர்: ட்ரீம் ஹவுஸ் 78 நிமிடம் 17 விநாடி. பக்கத்துக்கு முப்பத்தொன்பது நிமிடம். ஒரு பக்கத்தில் நாற்பது நிமிடத்தைக்கூடத் தொட முடியாத பொருளில் முடிவே இல்லாத இசையைத் திணிக்க அவர் பட்ட பாடு அந்தப் பெயரில் தெரிகிறது.

இனி வெதுவெதுப்பு. இந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. சில ஆண்டுகளுக்கு முன் நானும் ஆசைப்பட்டு ஒரு ட்ரோன் தட்டு வாங்கினேன். லேபிளின் பெயர் வேண்டாம். தடித்த அட்டை உறை, கையால் எழுதிய பிரதி எண். முள்ளை வைத்தேன். ஒலி லேசாக ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. முதலில் இசையே அப்படி என்று நினைத்தேன். பிறகு குனிந்து முள் பொருத்திய கையைப் பார்த்தேன். ஒவ்வொரு சுற்றுக்கும் அது மெல்ல உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்தது. நடுத்துளை நடுவில் இல்லை.

மையம் விலகிய தண்டு பம்புக்குள் என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. துளை ஒரு மில்லிமீட்டர் விலகியிருக்கிறது என்று வையுங்கள். மையத்திலிருந்து எட்டு சென்டிமீட்டரில் இருக்கும் தடத்தில் சுருதி மேலும் கீழும் எண்பதில் ஒரு பங்கு ஆடும். எண்பத்தொன்றுக்கு எண்பது! நம் சங்கீத சாஸ்திரத்தில் பிரமாண சுருதி என்று சொல்வது இந்த அளவைத்தான். சினிமாப் பாட்டில் இது தெரியாது. குரல் போகிற போக்கில் மறைந்துவிடும். நின்ற இடத்திலேயே நிற்பதைத் தவிர வேறு வேலையே இல்லாத இசையில் 1.8 விநாடிக்கு ஒருமுறை சுருதி ஆடினால் மிச்சம் என்ன இருக்கிறது? இந்த ஆட்டத்தையும் முள்ளின் இரைச்சலையும் சேர்த்துத்தான் வெதுவெதுப்பு என்கிறார்கள். நல்ல தட்டில் ஆட்டம் குறைவாக இருக்கும். ஆனால் இருக்கும்.

என் அத்தை இருந்திருந்தால் எழுந்து போயிருப்பாள். மாயவரத்தில் பாட்டு சொல்லிக்கொடுத்தவள். விடியும் முன்பே எழுந்து தம்புராவை எடுத்துக்கொண்டு உட்காருவாள். பிரடைகளைத் திருகி நான்கு தந்திகளையும் ஏறக்குறையச் சேர்க்கக் கால்மணி நேரம். அதன்பிறகுதான் உண்மையான வேலை. குதிரைக்கும் தந்திக்கும் நடுவே ஜீவா நூல் இருக்கும். வெறும் பருத்தி நூல். அதை நகத்தால் அரிசி முனையளவு முன்னே தள்ளுவாள். கீழ் ஷட்ஜத் தந்தியான மந்தரத்தை மீட்டுவாள். உதட்டைப் பிதுக்குவாள். கொஞ்சம் பின்னே இழுப்பாள். திடீரென்று ஓரிடத்தில் தந்தி ஜிவ்வென்று திறந்துகொள்ளும். "வருகிறதா?" என்று என்னைக் கேட்பாள். எனக்கு ஒன்றும் வராது. பத்து வயது, தூக்கக் கலக்கம், வந்தது என்று பொய் சொல்வேன். அவள் அடுத்த நாளும் கேட்பாள்.

ஒரு மார்கழி விடியலில் வந்தது. தந்திகளில் இருப்பது பஞ்சமமும் ஷட்ஜமும் மட்டும். அவற்றுக்கு மேலே, அறையின் மூலையிலிருந்து என்று தோன்றும்படி, அந்தர காந்தாரம் என்ற சுரம் தனியாகப் பாடிக்கொண்டிருந்தது. யாரும் அதை மீட்டவில்லை. நான் அத்தையைப் பார்த்தேன். அன்று அவள் என்னைக் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இனிமேல் பாடலாம்" என்றாள்.

நிப்ளாக் தேடியதும் இதைத்தான். செல்லோவின் நீண்ட ஒலிகளைப் பதிவுசெய்து, இடைவெளிகளை வெட்டி எறிந்து, இம்மியளவு விலகிய சுருதிகளில் அடுக்கடுக்காக ஏற்றுவார். யாரும் வாசிக்காத ஒலிகள் அறைக்குள் எழும்பும். தலையைத் திருப்பினால் அவை மாறும். முதன்முறை கேட்டபோது எனக்குப் புதிதாக ஒன்றும் தோன்றவில்லை. மாயவரம் வீட்டின் கூடம்தான் தோன்றியது. தொடர்பும் கற்பனை அல்ல. சரோத் கலைஞர் அலி அக்பர் கானின் 1955-ஆம் ஆண்டுத் தட்டைக் கேட்டுத்தான் யங் தம்புராவிடம் வந்தார். அதில் தம்புரா மீட்டியவர் ஷிரீஷ் கோர். பின்னால் உட்கார்ந்திருப்பவர் பெயரை யார் நினைவில் வைக்கிறார்கள், அதனால் சொல்கிறேன். 1970-இல் ஹிந்துஸ்தானிப் பாடகர் பண்டிட் பிரான் நாத்துக்குச் சீடரான யங், 1996-இல் குரு மறையும்வரை அவரிடமே இருந்தார். தம்புராவை அமெரிக்காவில் அவர் காதுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது வினைல்தான். அதை நான் மறுக்கவில்லை.

நாற்பது தட்டுகள் வாங்கிய உங்களுக்கு வெதுவெதுப்பு கேட்டது. கதவருகில் ஒரு நிமிடம் நின்ற அம்மாவுக்கு மணி ஓய்ந்த பிறகும் நிற்கிற ஒலி கேட்டது. அவர் சொன்னதை நீங்கள் கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அவரை உள்ளே கூப்பிடுங்கள். நாற்காலி போடுங்கள், அப்பாவின் நாற்காலியாக இருந்தாலும் சரி. பதினொன்றில் ஒன்றை எடுத்து அவர் எதிரிலேயே உறையைக் கிழியுங்கள். தட்டு முடிகிறவரை பேசாதீர்கள், போனைத் தொடாதீர்கள்.

முள் உள்ளேயும் வெளியேயும் போனால் துளையைப் பாருங்கள். ஆலையில் சின்ன வட்ட அரம் இருக்கும். துளையை இம்மியளவு பெரிதாக்கி, தட்டைத் தள்ளித் தள்ளி வைத்து, முள்ளின் கை அசையாமல் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்கலாம். முந்நூறில் ஒன்றாயிற்றே என்று தயங்காதீர்கள். என் தட்டுக்கு நான் அதைத்தான் செய்தேன். நான்காவது முறை தள்ளியபோது சுருதி நின்றது.