வலு கூடிய மோட்டார் அதிக சக்தியைச் செலவழிக்குமா?

ஒரே தண்ணீர்த் தாங்கியை இரண்டு மோட்டார்கள் நிரப்பினால், வலு கூடியதுதானே அதிக சக்தியைச் செலவழிக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படிச் சொல்லிவிட முடியாது.

உப்புவெளியில் ஒரு வீட்டுக் கிணற்றை எடுத்துக்கொள்வோம். 500 லீற்றர் நீரை 6 மீற்றர் உயர்த்த வேண்டும். 500 லீற்றர் நீரின் திணிவு 500 கிலோகிராம்; அதைப் புவியீர்ப்பு ஆர்முடுகலாலும் (ஏறத்தாழ 10) உயரத்தாலும் பெருக்கினால் 500 × 10 × 6, அதாவது 30,000 யூல். யூல் சக்தியின் அலகு. எந்த மோட்டாரைப் பூட்டினாலும் நீருக்குச் சேர வேண்டியது இவ்வளவுதான். 10 நிமிடத்தில் ஏற்றினால் பயன்தரும் வலு 50 வாற்று. 5 நிமிடத்தில் ஏற்றினால் 100 வாற்று. வலு என்பது சக்தி கைமாறும் வேகம்.

மின்கட்டணத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் வினைத்திறன், அதாவது செலவான சக்தியில் பயன்பட்ட பங்கு. 250 வாற்று இழுக்கும் மோட்டார் 5 நிமிடம் ஓடினால் 75,000 யூல் செலவாகும். அதில் நீருக்குச் சேர்ந்தது 30,000 யூல், ஆகவே வினைத்திறன் 40 சதவீதம். மிச்சம் 45,000 யூல் எங்கே? ஓடி நின்ற மோட்டாருக்கு அருகே கையைக் கொண்டுபோங்கள், அனல் அடிக்கும். கம்பிச்சுருளின் வெப்பம், குழாய் வளைவுகளின் உராய்வு, இரைச்சல் என்று அது சிதறிவிட்டது. அழியவில்லை, உதவாமல் போயிற்று.

மின்நிலையங்களைப் பற்றிப் பேசும்போதும் வலுவையும் சக்தியையும் குழப்பிவிடக் கூடாது. திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் திட்டமிட்ட 500 மெகாவாற்று நிலக்கரி மின்நிலையம் 2016இல் கைவிடப்பட்டது. மூதூர்ப் பக்கத்துக் காற்றுக்கும் கடலுக்கும் அது நல்லதே என்பது என் எண்ணம். இப்போது அங்கே சூரிய மின்நிலையம் வருகிறது. மெகாவாற்று வலுவின் அலகு. சூரியத் தகடு இரவில் ஒரு யூலும் தராது. ஆகவே நிலக்கரி, சூரிய மின்நிலையங்கள் இரண்டையும் ஒப்பிடும்போது, ஆண்டுக்கு எத்தனை கிலோவாற்று மணித்தியாலம் (இது சக்தியின் அலகு) கிடைக்கும் என்று கேளுங்கள்.