ஆகஸ்டில் மாயா பே கிடையாது, பாண்ட் தீவை எடுங்கள்

ஆகஸ்ட் 2ஆம் வாரம் தாய்லாந்தின் ஃபுகெட், கூட 65 வயது அம்மா, ஒரே ஒரு நாள் டூர், மாயா பேயா ஜேம்ஸ் பாண்ட் தீவா என்று கேட்டிருக்கிறீர்கள். பாண்ட் தீவுதான். டிகாப்ரியோ நடித்த 'தி பீச்' படம் எடுத்த, பீ பீ தீவுகளில் உள்ள மாயா பே கடற்கரையை, பவளப்பாறை தேறட்டும் என்று 2018 ஜூனிலிருந்து மூடி 2022இல்தான் திறந்தார்கள், இப்போதும் ஆகஸ்ட், செப்டம்பரில் மூடிவிடுகிறார்கள். அதனால் 'மாயா பே' என்று போட்டு யாராவது அந்தத் தேதிக்குப் பணம் கேட்டால், படகிலிருந்து எட்டிப் பார்ப்பதுதானா என்று முதலில் கேளுங்கள். அப்புறம், பீ பீ பக்கம் அப்போது மழைக்கால அலை, ஸ்பீடு போட் தூக்கித் தூக்கிப் போடும், அம்மாவின் முதுகுக்கு வேண்டாம். பாண்ட் தீவு இருக்கும் பாங் ங்கா விரிகுடா நிலத்துக்குள் ஒதுங்கிய கடல், அவ்வளவு ஆட்டம் இருக்காது. 1974 பாண்ட் படத்தில் வரும் பாறை சுமார் 20 மீட்டர் உயரம், அடி குறுகி மேலே பெருத்து, தலைகீழாக நட்ட மரக்கட்டை மாதிரி தண்ணீரில் நிற்கும். பக்கத்தில் படகு விடமாட்டார்கள், தீவின் கரையிலிருந்துதான் பார்க்க வேண்டும். பெரிய படகாகப் பார்த்து, பின்பக்க இருக்கை கேளுங்கள். தேசியப் பூங்கா நுழைவுக் கட்டணம் டிக்கெட்டில் சேர்ந்ததா என்றும் கேட்டுவிடுங்கள்.