பெயர் வெட்டிய கை

இம்மாதம் வந்த கடிதங்களில் மூன்று, ஒன்றையொன்று அறியாமல் ஒரே பொருளைக் கேட்கின்றன. சிறு கடை ஒன்றை நடத்தி, குடும்பத்தைக் கரையேற்றி மறைந்த ஒருவரைப் பற்றி எப்படி எழுதி வைப்பது என்பதே அது. ஆகவே கேள்வி பதில் பகுதியை இம்முறை முழுவதும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: தேவகோட்டையில் 1969 முதல் 2010 வரை பாத்திரக்கடை வைத்திருந்த எங்கள் அப்பச்சி (தந்தை) சென்ற ஆவணியில் காலமானார்கள். ஆண்டுத் திவசத்துக்கு நினைவு மலர் வெளியிடத் தம்பிகள் விரும்புகிறார்கள். எழுதும் பொறுப்பை என்னிடம் விட்டுவிட்டார்கள். அப்பச்சி எந்தப் பதவியிலும் இருந்ததில்லை, மேடை ஏறியதில்லை. காலையில் கடை, இரவில் வீடு, பிள்ளைகள் நாங்கள் ஐந்து பேர், அவ்வளவுதான். தனியாக ஆள் வைக்காமல் பாத்திரங்களுக்குப் பெயர் வெட்டுவதையும் அவர்களே செய்தார்கள். இரண்டு பக்கத்துக்கு மேல் எழுத என்ன இருக்கிறது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது?
— ஒரு மகள், தேவகோட்டை

பதில்: அம்மா, தொடங்க வேண்டிய இடத்தை நீங்களே எழுதிவிட்டு ஒரே வரியில் கடந்து போய்விட்டீர்கள். பெயர் வெட்டுவதையும் அவர்களே செய்தார்கள் என்கிறீர்களே, அங்கிருந்து தொடங்குங்கள். செட்டிநாட்டில் பெண்ணுக்குச் சீர் கொடுப்பது என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மலரைப் பிற்காலத்தில் புரட்டப்போகும் பேரப்பிள்ளைகளுக்கு நீங்கள் சொல்லியாக வேண்டும். பித்தளை அண்டா, வெண்கல உருளி, குத்துவிளக்கு, எவர்சில்வர் தூக்கு, கைக்குள் அடங்கும் கிண்ணம் வரைக்கும் வீடு நிறையச் சாமான் பரப்பி வைப்பார்கள். ஒவ்வொன்றிலும் குடும்பத்தின் விலாசமோ (பெயருக்கு முன் வரும் முதலெழுத்துகள்) பெண்ணின் பெயரோ வெட்டியிருக்கும். ஒரே வளவுக்குள், அதாவது ஒரே கூட்டு வீட்டுக்குள், மணமான பிள்ளைகளின் குடும்பங்களான பல புள்ளிகள் புழங்கிய காலத்தில் எந்தப் பாத்திரம் யாருடையது என்பதற்கு அந்த எழுத்தே சாட்சியாக இருந்தது.

அப்படியானால் 41 ஆண்டுகளில் உங்கள் அப்பச்சியின் கையெழுத்து எத்தனை வீடுகளின் பெட்டகசாலைக்குள் போய்ச் சேர்ந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். தாளில் எழுதியவர்களின் எழுத்தைக் கறையான் தின்றுவிடுகிறது. சிற்றுளியும் சுத்தியலும் கொண்டு புள்ளி புள்ளியாக அவர்கள் வெட்டியது, புளி போட்டுத் தேய்க்கத் தேய்க்க இன்னும் துலங்கிக்கொண்டிருக்கும். தெரிந்த பத்து வீடுகளுக்காவது நேரில் போய், அந்தக் கடையில் வாங்கிய பாத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். எழுத்தின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் லேசாகத் தேய்த்தால் அப்படியே படி இறங்கிவிடும். மலரின் முதல் பக்கத்தில் மாலை போட்ட புகைப்படத்துக்குப் பதிலாக அந்தப் படிகளை அச்சிடலாம் என்பது என் கருத்து.

இதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றுக்கொண்டது 1978இல். அதற்கு முன்பு ‘லை’ என்ற எழுத்துக்கு மேலே துதிக்கை போன்ற வளைவு இருந்தது. ‘ணா’ என்பதற்குக் கால் தனியாக வராமல் எழுத்தோடு சேர்ந்தே சுழியும். நம் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவருக்கேனும் வைக்கும் அண்ணாமலை என்ற பெயரில் இந்த இரண்டு எழுத்துகளும் வருகின்றன. ஆகவே உங்கள் அப்பச்சி வெட்டிய அண்ணாமலைகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தால், எந்த ஆண்டு வாக்கில் அவர்களுடைய உளி புதிய எழுத்துக்கு மாறியது, அல்லது மாறாமலே பழைய எழுத்தை வைத்துக்கொண்டது என்பது தெரிந்துவிடும். நாற்பது ஆண்டு ஒரே வேலையைச் செய்த மனிதரின் பழக்கம், பிடிவாதம், மாற்றத்துக்கு இணங்கிய விதம் ஆகியவற்றை இதைவிடத் தெளிவாகக் காட்டக்கூடிய சான்று வேறு கிடைப்பது அரிது.

அடுத்தது கடைக் கணக்கு. பேரேடுகள் பரணில் இருந்தால் திவசத்துக்கு முன்பு வீட்டைத் துப்புரவு செய்கிறவர்கள் கையில் அவை அகப்படாமல் முதலில் காப்பாற்றுங்கள். பித்தளை குறைந்து எவர்சில்வர் ஏறியது, பழைய பித்தளையை எடை போட்டு எடுத்துக்கொண்டு மீதியைக் காசாக வாங்கியது, ஈயம் பூசுகிறவருக்குக் கொடுத்த கூலி படிப்படியாகக் குறைந்து ஒரு நாள் நின்றே போனது ஆகிய எல்லாம் அதில் இருக்கும். ஊரின் அடுப்படி மாறிய கதையை உங்கள் அப்பச்சி அறியாமலே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த வரிகளுக்கு நடுவே வீட்டுச் செலவையும் தேடுங்கள். பெண் பிள்ளைகளைப் பெற்ற பாத்திரக் கடைக்காரர்கள் பலர், பிள்ளை பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே வருடத்துக்கு இரண்டு பாத்திரம் என்று எடுத்து வைக்கத் தொடங்கி, தம் கடைச் சரக்கைத் தாமே விலைக்கு வாங்கியதாகப் பற்று எழுதிவிடுவார்கள். உங்கள் சீரில் இருந்த அண்டா எந்த ஆண்டு எடுத்து வைக்கப்பட்டது என்று கண்டுபிடித்தீர்களானால், தந்தையின் அன்பைப் பற்றித் தனியாக ஒரு வரியும் எழுத வேண்டியதில்லை.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. காரைக்குடியில் சிறிய இரும்புக்கடை வைத்திருந்த என் தந்தை மறைந்தபோது நினைவு மலரை எழுதியவன் நான்தான். ‘அன்பே உருவானவர்’ என்று மூன்று இடங்களில் எழுதியிருக்கிறேன். ‘உழைப்பால் உயர்ந்தவர்’ என்று ஒரு தலைப்பே உண்டு. அவர் கடையைத் திறந்ததும் முதலில் எதைத் தொட்டார், மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரும்போது கல்லாவில் யாரை உட்கார வைத்தார், கல்யாணச் செலவுக்காக எங்கள் வீட்டில் எதை விற்றார் என்று ஒரு வரியும் இல்லை. அவற்றைச் சொல்லக்கூடியவர்கள் அப்போது உயிரோடு இருந்தார்கள், இப்போது இல்லை. அந்த மலரை என்னால் இன்றும் முழுவதுமாகப் படிக்க முடிவதில்லை, ஏனென்றால் அதில் யாருடைய தந்தையின் பெயரை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.

சின்னத் தாள்களுக்கு என்ன மதிப்பு என்று உறவினர்கள் கேட்டால், கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரைச் சொல்லுங்கள். விளம்பரப் பலகை எழுதுவதைத் தொழிலாகக் கொண்டிருந்த அவர், நூல்களோடு நில்லாமல் நாடக நோட்டீசுகளையும் கல்யாண அழைப்பிதழ்களையும்கூடச் சேர்த்து வைத்தார். 1992இல் அவர் மறைந்தபோது ஏறக்குறைய 1,00,000 அச்சுப் பொருள்கள் அவர் வீட்டில் இருந்தன. சென்னையில் அவர் பெயரில் இயங்கும் ஆராய்ச்சி நூலகம் அந்தச் சேகரிப்பிலிருந்து எழுந்ததுதான். கல்லூரி கட்டிய வள்ளல் அழகப்பருக்கு ஊரே நினைவுச் சின்னமாக இருக்கிறது. கடை நடத்தியவருக்கு அவர் வீட்டார் எடுத்து வைத்தால்தான் உண்டு.

கடைசியாக ஒன்று. எழுதத் தொடங்குமுன் ஆத்தாளிடம் பேசுங்கள். அப்பச்சி எப்படிப்பட்டவர் என்று கேட்டால் ‘நல்லவுக’ என்று சொல்லி முடித்துவிடுவார்கள். பிள்ளையார் நோன்பன்று கடையை எத்தனை மணிக்கு அடைத்துவிட்டு வந்தார்கள், மாவில் நூல்திரி வைத்து ஏற்றி ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்ளும் இழையில், ஊரில் இல்லாத பிள்ளையின் இழையை யார் எடுத்துக்கொண்டார்கள் என்று கேளுங்கள். இரண்டு பக்கம் போதாமல் போவதை அப்போது பார்ப்பீர்கள்.

கேள்வி: எங்கள் அப்பா காரைக்குடியில் மளிகைக்கடை நடத்தியவர். அவர் இறந்த பிறகு பற்று நோட்டுகளைப் பார்த்தபோது வராத பாக்கி நிறைய இருப்பது தெரிந்தது. பாக்கி வைத்தவர்களில் சிலர் இன்று நல்ல வசதியாக இருக்கிறார்கள். அப்பாவின் பெருந்தன்மை தெரிய வேண்டும் என்பதற்காக அந்தப் பெயர்களை நினைவு மலரில் போட வேண்டும் என்கிறான் என் அண்ணன் மகன். சரியா?
— ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: சரியில்லை. உங்கள் தந்தை ஒருநாளும் சத்தம் போட்டுக் கேட்காத பாக்கியை அவர் பெயரில் வரும் மலர் ஊரறியக் கேட்பதாக ஆகிவிடும். சட்டத்தின் கணக்கிலும் இத்தகைய கைமாற்றுப் பாக்கிக்கு 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் பொதுவாக 3 ஆண்டுகள்தான் கொடுக்கிறது. ஆகவே அந்த நோட்டுகள் வசூலுக்கு உதவப் போவதில்லை. ஆனால் வாழ்க்கையை எழுத அவற்றைவிட நல்ல ஆதாரம் கிடையாது. ஆலையில் வேலை இல்லாமல் போன மாதங்களில் ஒரு வீட்டுக்கு அரிசியும் பருப்பும் எத்தனை மாதம் கடனாகப் போயிற்று, அதில் குழந்தைக்குப் பால் மாவு இருந்ததா என்பதையெல்லாம் வீட்டின் பெயரை மறைத்து எழுதலாம். யாரும் தலை குனியாமல் உங்கள் தந்தை தெரிய வருவார்.

அந்த நோட்டுகளில் இன்னொரு பக்கமும் இருக்கும், அதையும் விட்டுவிடாதீர்கள். மொத்த வியாபாரிக்கு அவர் கொடுக்க வேண்டிய பாக்கி ஏதேனும் நின்றிருந்தால், மலர் அச்சுக்குப் போவதற்கு முன்பு அதைப் பிள்ளைகள் தீர்த்துவிடுங்கள். தகப்பன் கடனைப் பிள்ளை அடைப்பது நம் பக்கத்தில் சொல்லிக்கொள்ளும் செய்தியே அல்ல; ஆகையால் அதையும் மலரில் எழுத வேண்டாம்.

கேள்வி: நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். பள்ளத்தூர் வீட்டில் எங்கள் ஐயா 1955, 1956 வாக்கில் எழுதிய கடைப் பேரேடு கிடைத்தது. எண்களும் குறிகளும் புரியவில்லை. ஒரு பக்கத்தின் படத்தை அனுப்பியிருக்கிறேன். 89 வயதாகும் அப்பத்தாளுக்கு இப்போது கண் சரியாகத் தெரியவில்லை. வாசித்துக் காட்ட ஆசைப்படுகிறேன்.
— ஒரு பேரன், சென்னை

பதில்: அரை நாள் உட்கார்ந்தால் பழகிவிடும். மேலே ‘சிவமயம்’, அடுத்து நாள். எண்கள் தமிழ் எண்கள். இடமதிப்புக்குப் பூச்சியம் போடாமல் பத்துக்கு ௰, நூறுக்கு ௱ என்று எழுத்து இட்டிருக்கிறார், எனவே ௨௰௫ என்று இருந்தால் 25 என்று படிக்க வேண்டும். ௷ என்பது வரவு, ௶ என்பது பற்று, ௸ என்பது மேற்படி. ரூபாய்க்கு 16 அணா என்பதால் ஓர் அணாவை மாகாணி (பதினாறில் ஒன்று) என்ற பின்னத்தால் குறித்திருக்கிறார். 1957 ஏப்ரல் 1 அன்று ரூபாய்க்கு 100 நயா பைசா என்று வந்த பிறகு எழுதிய பேரேடு கிடைத்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கூட்டல்கள் திருத்தப்பட்டிருக்கும் இடங்களில் ஐயா புதுக் காசோடு மல்லுக்கட்டியது தெரியும். எடையில் வருகிற வீசை ஏறக்குறைய 1.4 கிலோ.

நீங்கள் அனுப்பிய பக்கத்தில் பெரும்பாலும் சரக்கு வரவும் வண்டிக் கூலியும்தான் இருக்கின்றன. ஆனால் கீழிருந்து மூன்றாவது வரி, வெள்ளிக்கிழமைத் தேதியில், ‘வீட்டுக்குப் பூ’ என்று எழுதி ஓர் அணா பற்று வைத்திருக்கிறது. பக்கத்தின் மேற்பகுதியில், அதற்கு முந்திய வெள்ளிக்கிழமைக்கு நேராகவும் அதே வரி, அதே ஓர் அணா. மற்றப் பக்கங்களிலும் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அப்பத்தாளுக்கு வாசித்துக் காட்டும்போது வண்டிக் கூலியை விட்டுவிட்டு இந்த வரியிலிருந்து ஆரம்பியுங்கள்.