வாசகர் கேள்வி: ஈசல் வந்த வீடு

கேள்வி: தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) வீடு வாங்கி நான்கு வருடம் ஆகிறது. போன வாரம் மழை விட்ட சாயங்காலம் ஈசல் மொய்த்தது. விடிந்து பார்த்தால் சாத்தியிருந்த ஜன்னலுக்கு உள்பக்கம் ஒரே இறகு. ஆள் வைத்துச் சோதிப்பது வீண் செலவா?

– வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: வீண் செலவு இல்லை அம்மா, உடனே செய்யுங்கள். ஈசல் என்பது இறகு முளைத்த கறையான்தான். ஜன்னல் சாத்தியிருந்தும் உள்ளே இறகு கிடந்தால், புற்று வீட்டை ஒட்டியோ அடியிலோ இருக்கலாம்.

நான் ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவன். பச்சைப் பால்மரத்தையே, அதாவது உயிருள்ள ரப்பர் மரத்தையே கறையான் தின்னும். அடிமரத்தில் மண் அப்பியிருப்பதை அப்பா காட்டுவார். அந்த மரங்களை வெட்டிய நிலத்தில்தான் பல தாமான்கள் எழுந்தன. புதைந்துபோன வேர்க்கட்டை கறையானுக்கு நல்ல தீனி.

அப்படியும் நான் ஏமாந்தேன். சாமி மேடைப் பலகையில் சாயம் பளபளவென்று இருந்தது. ஒருநாள் விபூதித் தட்டை நகர்த்தும்போது விரல் பட்டது, அப்பளம் போல நொறுங்கிவிட்டது. உள்ளே வெறும் ஈர மண். காலண்டரைத் தூக்கினால், பின்னால் பென்சில் பருமனில் மண் கோடு கூரை வரை ஏறியிருந்தது.

குளியலறைக் கதவு நிலையின் அடிப்பாகம், சிங்க்குக்குக் கீழே, கூரைச் சட்டம் மூன்றையும் தட்டிப் பாருங்கள். மண் கோடு கண்டால் மருந்து அடித்துவிடாதீர்கள். கறையான் வேறு வழியில் போய்விடும், சோதிப்பவருக்குத் தடம் கிடைக்காது. அப்புறம், வருபவரிடம் 1974ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டப்படி உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். வருடம் ஒருமுறை சோதிக்கச் சொல்லுங்கள்.