ஹோவர் வரவில்லையா? பேக்கேஜ் வாங்காதீர்கள்

கேள்வி: ராபின்சன் ஆர்22 ஹெலிகாப்டரில் பயிற்சி பெறுகிறேன். ஆறு மணி நேரம் பறந்த பிறகும் ஹோவரில், அதாவது அந்தரத்தில் நகராமல் நிற்பதில், அரை நிமிடம்கூட ஓரிடத்தில் நிறுத்த முடியவில்லை. எனக்கு இது வராதோ என்று அச்சமாக இருக்கிறது. என்னைச் சேர்த்துவிட்ட ஏஜென்ட், தனியாக ஒரு 'ஹோவர் பேக்கேஜ்' வாங்கி, வேறு ஹெலிகாப்டரில் பயிலச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ஆறு மணி நேரத்தில் ஹோவர் கைக்கு வராதது உங்கள் குறையன்று. பலருக்கு ஐந்திலிருந்து பத்து மணி நேரம் வரை ஆகிறது. அதைத் தாண்டியவர்களும் நல்ல விமானிகளாகியிருக்கிறார்கள்.

உங்களைத் தடுமாற வைப்பது, ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கலைகிற அந்த எந்திரத்தின் இயல்பு. ஏற்ற இறக்கத்திற்கான இடக்கை நெம்புகோலான கலெக்டிவைச் சற்றே உயர்த்தினால் மூக்கு வலப்புறம் திரும்புகிறது. அதைத் தடுக்க இடது பெடலை அழுத்தினால் வாலிலுள்ள சிறு சுழலியான வால் ரோட்டரின் விசை கூடி ஹெலிகாப்டரே வலப்புறம் நகர்கிறது. அதை நிறுத்த, எந்தப் பக்கம் சாய்ந்து நகர வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்தும் வலக்கைப் பிடியான சைக்ளிக்கை இடப்புறம் சாய்த்தால் உயரம் சிறிது குறைந்து, கை மறுபடியும் கலெக்டிவுக்கே போகிறது. போதாததற்கு, சைக்ளிக்கை அசைத்தவுடன் ஹெலிகாப்டர் நகர்வதில்லை. முதலில் சாய்கிறது, பிறகுதான் நகர்கிறது. அந்த இடைவெளியில் பொறுமையிழந்து இன்னும் கொஞ்சம் தள்ளுவதால்தான் மறுபக்கம் இரட்டிப்பாக ஆட்டம் வருகிறது. முன்கையைத் தொடைமேல் ஊன்றி, இரண்டு விரலால் தொடுகிற அளவு அழுத்தம் கொடுத்து, உடனே பழைய நிலைக்குக் கொண்டுவந்து காத்திருங்கள். பார்வை சறுக்குக் கால்களின் முன்னுள்ள புல்லில் இருக்கக் கூடாது. தொலைவிலுள்ள மரத்தையோ கட்டடத்தையோ பாருங்கள்.

ஒரே நேரத்தில் எல்லாக் கட்டுப்பாடுகளையும் கையில் வாங்காமல், முதலில் பெடல்களை மட்டும், பிறகு கலெக்டிவை மட்டும், கடைசியாகச் சைக்ளிக்கைத் தரும்படி பயிற்றுநரிடம் கேளுங்கள். உங்களிடம் கொடுத்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டே சைக்ளிக்கை ரகசியமாகப் பிடித்திருக்கும் பயிற்றுநர்கள் உண்டு. அப்படிப்பட்டவரிடம் எத்தனை மணி நேரம் கழித்தாலும், ஹெலிகாப்டரை நிறுத்தியது தன் கையா அவர் கையா என்று மாணவருக்குத் தெரியவே தெரியாது.

இனி ஏஜென்ட். ஹோவருக்கென்று தனிப் பாடமோ தனிச் சான்றிதழோ கிடையாது. அது வழக்கமான பயிற்சியின் பகுதி. தனியார் விமானி உரிமத்திற்கு அமெரிக்காவில் 40 மணி நேரமும் ஐரோப்பாவில் 45 மணி நேரமும் குறைந்தபட்சமாக விதித்திருக்கிறார்கள். இந்தக் குறைந்தபட்சத்தையே முழுச் செலவாகக் காட்டி ஆளைச் சேர்த்துவிட்டு, மாணவர் தடுமாறத் தொடங்கியதும் அச்சத்தை விற்பதுதான் இந்தத் தரகர்களின் தொழில். பறந்த நேரத்தைக் குறிக்கும் லாக்புக்கில் மணி நேரம் நிரம்பினால் போதும் என்று முறை அமைந்திருக்கும்வரை, அந்த மணி நேரங்களை யார் எப்படி விற்றார்கள் என்று எவரும் கேட்கப் போவதில்லை.

வேறு ஹெலிகாப்டர் என்ற பேச்சில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. அவர் சொல்லும் ஹெலிகாப்டர் கிம்பால் நிறுவனத்தின் காப்ரி ஜி2 என்றால், அதன் மேலுள்ள பெரிய ரோட்டர் சுழலும் திசை உங்கள் ஆர்22-க்கு நேர் எதிர். மேலிருந்து பார்த்தால் ஆர்22-இல் இடஞ்சுழி, காப்ரியில் வலஞ்சுழி. நான் மேலே சொன்ன இட வலம் எல்லாம் ஆர்22-க்கே பொருந்தும். காப்ரியில் கலெக்டிவை உயர்த்தினால் மூக்கு இடப்புறம் திரும்பும், வலது பெடலைத்தான் அழுத்த வேண்டும். நன்கு பழகிய விமானி இந்த மாற்றத்தை முறையான அறிமுகப் பயிற்சியோடு சமாளித்துவிடுவார். உங்கள் கால்கள் இப்போதுதான் எண்ணிப் பாராமல் அசையக் கற்கின்றன. இந்தக் கட்டத்தில் திசையை மாற்றினால் கற்றதும் கலைந்துபோகும். ஒரே ஹெலிகாப்டரில், முடிந்தால் ஒரே பயிற்றுநரிடம், ஹோவர் நிலைப்படும்வரை இருங்கள்.

வீட்டுக் கணினியில் சிமுலேட்டர் ஓட்டிப் பழகுவது கட்டுப்பாடுகளின் வரிசையை மனத்தில் பதிக்க உதவும். உடல் உணரும் அசைவை அது தராது.

ஏஜென்ட்டிடம் ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தால், பறக்காத மணி நேரங்களுக்கான தொகை எப்போது, யார் மூலம் திரும்பும் என்பதைப் பயிற்சிப் பள்ளியிடமே நேரடியாக எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அடுத்த தவணையை அந்தப் பதில் வந்த பிறகு கட்டலாம்.